சுட்டி விதிகளைப் பயிலும் முறை

எண்கணிதத்தைக் கடந்து அட்சரகணிதத்துட் புகும் மாணாக்கனுக்கு முதலில் வியப்பைத் தருவது, எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து நிற்பதேயாகும். அட்சரகணிதம் என்னும் பெயரே அதனைக் கூறும். அட்சரம் என்றால் எழுத்து. இந்த வியப்பு நெடுநாள் நில்லாது. ஓர் எண்ணுக்குப் பதிலாகவே எழுத்து நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் சில வாரங்களில் ஏற்றுக்கொள்வர். உண்மையான இடர்ப்பாடு அதன் பின்னரே வருகிறது. எழுத்தின் வலப்புறத்து மேல்மூலையில், தகப்பன் தோளில் ஏறியமர்ந்த குழந்தையைப் போல, ஒரு சிறிய எண் வந்து அமர்கிறது. அதன் பெயர் சுட்டி. பிள்ளைகள் எவ்விடத்தில் அதிகம் தடுமாறுகின்றனர் என்று எட்டாந் தர, ஒன்பதாந் தரக் கணித ஆசிரியர்களைக் கேட்டால், அவர்கள் கூறும் இடங்களுள் இதுவும் தவறாது இருக்கும்.

இத்தடுமாற்றத்தில் ஒரு புதுமை உண்டு. சுட்டி விதிகள் கடினமானவை அல்ல. ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடுபவை. பாடம் நடந்த அன்றே பிள்ளை இருபது கணக்குகளை ஒரு பிழையுமின்றிச் செய்து கொப்பியை நீட்டுகிறது. ஆசிரியரும் சரி அடையாளமிட்டு மகிழ்கிறார். இரண்டு மாதம் கழித்து வரும் தவணைப் பரீட்சையில் அதே பிள்ளை, கூட்டவேண்டிய சுட்டிகளைப் பெருக்குகிறது, பெருக்கவேண்டியவற்றைக் கூட்டுகிறது, சுட்டி பூச்சியமானால் விடையும் பூச்சியம் என்று எழுதிவிடுகிறது. நன்றாகத் தெரிந்திருந்ததே, அது எங்கே போயிற்று என்று வீட்டார் வருந்துகின்றனர். கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. பெரும்பாலும் அது கவனக்குறைவு அன்று. அன்றைக்குப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது விதியின் ஓசை மாத்திரமே. ஓசை இரண்டு மாதத்தில் மங்குவது இயல்பு.

இதனாற் போவது நான்கு புள்ளிகள் மட்டுமாயின் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் எல்லாரும் எடுக்கவேண்டிய பாடம். பதின்மூன்று வயதிற் சுட்டி விதிகளில் நான்குமுறை தவறி, "கணக்கு எனக்கு வராது" என்று தனக்குத்தானே தீர்ப்பளித்துக்கொண்ட பிள்ளை, பின்வரும் மூன்றாண்டுகளிலும் அத்தீர்ப்பைச் சுமந்துகொண்டே கணித வகுப்பில் இருக்கும். ஆதலால், இவ்விதிகளை எவ்வாறு பயில வேண்டும் என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று. அதற்குக் கணிதப் புலமை வேண்டியதில்லை.

சுட்டி என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழிலக்கணத்தில் அ, இ, உ என்பவை சுட்டெழுத்துக்கள். அவை ஒரு பொருளை விரல்நீட்டிக் காட்டுவன. கணிதச் சுட்டியும் அவ்வாறே ஒன்றைக் காட்டுகிறது. இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கிய சொல்லுக்கும் சுட்டுவிரல் என்பதே பொருள். சுட்டி காட்டுவது எதனை? ஓர் எண் எத்தனைமுறை பெருக்கத்தில் வந்து நிற்கிறது என்பதனை. 10ஐ மூன்று இடத்தில் எழுதிப் பெருக்கினால் 1000. அம்மூன்றே சுட்டி, 10 அடி, வந்த விடை 10இன் மூன்றாம் வலு. சுட்டி என்பது ஒரு தொகையை எண்ணிச் சொல்லும் சொல். இவ்வளவே இதன் இரகசியம். பின்வரும் விதிகள் யாவும் இந்த எண்ணுதலிலிருந்து பிறந்தவை.

இச்சிறு குறியீட்டுக்கு வயது அதிகமில்லை. இந்தியக் கணித நூலார் வர்க்கம், கனம், வர்க்கவர்க்கம் என்று சொற்களால் வலுக்களைக் குறித்தனர். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் சொற்களும் சொற்சுருக்கங்களுமே வழங்கின. எழுத்தின் தோளில் எண்ணை ஏற்றும் முறையை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியவர் றெனே தெக்காட்டு என்னும் பிரெஞ்சு அறிஞர். அவரது கேத்திரகணித நூல் 1637ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேடிக்கை யாதெனில், வர்க்கத்தை மட்டும் அவர் பெரும்பாலும் அந்த எழுத்தை இருமுறை அடுத்தடுத்து எழுதியே காட்டினார். இரண்டெழுத்து எழுதுவதும், ஓர் எழுத்தும் ஒரு சுட்டியும் எழுதுவதும் கைக்கு ஒரே உழைப்புத்தானே.

முதல் விதியை வானொலியின் முன் அமர்ந்திருக்கும் நேயர்கள் கரும்பலகை இன்றியே கண்டுகொள்ளலாம். 100ஐ 1000ஆற் பெருக்கினால் என்ன வரும்? 100,000 என்று சிறுபிள்ளையும் கூறும். எவ்வாறு கண்டது? முதல் எண்ணில் இரண்டு பூச்சியம், அடுத்ததில் மூன்று பூச்சியம், ஆக ஐந்து பூச்சியம். 100 என்பது 10இன் 2ஆம் வலு. 1000 என்பது 3ஆம் வலு. 100,000 என்பது 5ஆம் வலு. பெருக்கும்போது சுட்டிகள் கூட்டப்படும் என்னும் விதியை நான்காந் தரத்துப் பிள்ளை பெயரறியாமலே கையாள்கிறது. எட்டாந் தரத்தில் அதையே புதியதொரு சூத்திரமாகக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்யச் சொல்வதால், பழைய அறிவுக்கும் புதிய பாடத்துக்கும் இடையில் ஒரு மதில் எழும்பிவிடுகிறது.

இவ்விதியில் நிகழும் பிழைகள் இரண்டு வகை. 2இன் 3ஆம் வலுவை 2இன் 4ஆம் வலுவாற் பெருக்குமாறு கேட்டால், சிலர் 2இன் 12ஆம் வலு என்பர். வேறு சிலர் சுட்டிகளைச் சரியாகக் கூட்டிவிட்டு, அடிகளையும் பெருக்கி, 4இன் 7ஆம் வலு என்பர். உண்மை விடையைக் காண ஒரு நிமிடமும் வேண்டியதில்லை. 2இன் 3ஆம் வலு 8. 4ஆம் வலு 16. எட்டுப் பதினாறு 128. அது 2இன் 7ஆம் வலு. 2இன் 12ஆம் வலுவோ 4096. 4இன் 7ஆம் வலுவோ 16,384. இவ்வளவு தூரம் விலகிய விடையைப் பிள்ளை ஐயமின்றி எழுதுவதற்குக் காரணம், அவ்விடை ஓர் எண் என்பதையே மறந்திருப்பதுதான். குறிகளை இடம்மாற்றி வைக்கும் ஒரு விளையாட்டாக அட்சரகணிதம் அதற்கு ஆகிவிட்டது.

இங்கு 2 என்னும் எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். பாடநூலிலும் கரும்பலகையிலும் முதல் எடுத்துக்காட்டாக வருவது பெரும்பாலும் 2ஆகவே இருக்கும். சிறிய எண் எளிது என்று எல்லாரும் எண்ணுகின்றனர். ஆனால் இரண்டைப் போல ஏமாற்றும் எண் வேறில்லை. இரண்டும் இரண்டும் நான்கு, ஈரிரண்டும் நான்கு. க என்னும் எழுத்தின் 2ஆம் வலுவை மீண்டும் க-வின் 2ஆம் வலுவாற் பெருக்கினால் 4ஆம் வலு. இவ்விடையைச் சுட்டிகளைக் கூட்டிய பிள்ளையும் பெறும், பெருக்கிய பிள்ளையும் பெறும். இருவருக்கும் சரி அடையாளம் கிடைக்கும். அவ்வாறே 2இன் வர்க்கம் 4. அடியைச் சுட்டியாற் பெருக்கும் தவறான பழக்கமுடைய பிள்ளையும் 4 என்றே சொல்லும். 3இன் வர்க்கம் கேட்டால் அல்லவா ஒன்பதா ஆறா என்பது வெளிப்படும்! 1ஐ அடியாக வைத்துச் சோதிப்பதும் பயனற்றது. அதன் எல்லா வலுக்களும் 1 தான். விதியைக் கற்பிக்க 10ஐயும், சோதிக்க 3ஐயும் 5ஐயும் கொள்வது நன்று.

வகுத்தல் விதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருக்கலிற் கூட்டினால் வகுத்தலிற் கழிக்கவேண்டும். 5இன் 6ஆம் வலு 15,625. அதனை 25ஆல் வகுத்தால் 625. அது 5இன் 4ஆம் வலு. பின்னத்தின் மேலே ஆறு ஐந்துகளையும் கீழே இரண்டு ஐந்துகளையும் எழுதி, இணையிணையாக வெட்டிக் காட்டினாற் போதும். அறுபதை இருபதால் வகுப்பதுபோல ஆறை இரண்டால் வகுத்து 5இன் 3ஆம் வலு என்று எழுதிய பிள்ளையும், வெட்டிய கோடுகளைக் கண்டதும் தானே திருத்திக்கொள்ளும்.

வலுவின் வலு என்னும் விதி சற்று நின்று பார்க்கத்தக்கது. இங்கேதான் சுட்டிகளைப் பெருக்கவேண்டும். 10இன் 3ஆம் வலுவாகிய 1000ஐ இருமுறை எழுதிப் பெருக்கினால் பத்து இலட்சம். மூன்று பூச்சியம் இருமுறை, ஆக ஆறு பூச்சியம். இதன் ஆற்றலை உணர்த்த ஒரு பழங்கதை உதவும். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என ஒவ்வொரு கட்டத்திலும் இருமடங்காக வைத்து, 64 கட்டங்களுக்கும் உரியதைத் தரவேண்டும் என்று அரசனிடம் ஒருவன் கேட்ட கதையைப் பலரும் அறிவர். கூட்டுத்தொகை 2இன் 64ஆம் வலுவில் ஒன்று குறைவு. அந்த வலுவைக் காண 2ஐ அறுபத்துமூன்று தடவை பெருக்கிக்கொண்டே போகவேண்டுமோ? வேண்டியதில்லை. 2இன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அதன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65,536. இது 2இன் 16ஆம் வலு. இன்னொருமுறை வர்க்கப்படுத்த 4,294,967,296. இது 32ஆம் வலு. மேலும் ஒருமுறை வர்க்கப்படுத்தினால் 64ஆம் வலு வந்துவிடும். ஆறே பெருக்கல்கள். விடை 18,446,744,073,709,551,616. கி.பி. 973இற் பிறந்த அல்-பீரூனி என்னும் பேரறிஞர் இக்கணக்கை இவ்வாறு வர்க்கத்தின் வர்க்கமாக ஏறிச் செய்துகாட்டினார். ஒன்பதாந் தரத்துப் பிள்ளை ஒன்றுக்கு இதனை ஒரு மழைநாள் மாலையிற் கையாற் செய்யக் கொடுத்துப் பார்க்கலாம். இருபது கணக்குகளினும் இந்த ஒன்று அதிகம் கற்பிக்கும்.

இனி வருவது பூச்சியச் சுட்டி. பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் திகைக்கும் இடம் இது. 10ஐ ஓரிடத்திலும் எழுதாமற் பெருக்கினால் விடை 1 என்கிறார்களே, ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று எப்படி வரும்? கேள்வி நியாயமானது. "அது விதி, எழுது" என்று பதில் கூறுவது நியாயமன்று. உண்மையைச் சொல்வதானால், சுட்டி என்பது எண்ணிச் சொல்லும் சொல் என்ற விளக்கம் இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது. பூச்சியமுறை எழுதுவது என்பதற்கு நேரான பொருள் கிடையாது. ஆதலால், இதற்கு ஒரு பொருளைக் கணித அறிஞர்கள் தெரிந்தெடுத்தனர். எதனைத் தெரிந்தெடுத்தால் ஏற்கனவே உள்ள விதிகள் குலையாமல் இருக்குமோ அதனையே தெரிந்தெடுத்தனர். 1000ஐ 1000ஆல் வகுத்தால் 1. சுட்டிகளைக் கழித்தால் மூன்றில் மூன்று போகப் பூச்சியம். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டுமானால் 10இன் பூச்சிய வலு 1 ஆகத்தான் வேண்டும். வேறு எந்த எண்ணைக் கொண்டாலும் விதி உடைந்துவிடும். அடி மட்டும் பூச்சியமாக இருத்தலாகாது, பூச்சியத்தால் வகுக்க இயலாதாகையால். பூச்சியங்களை எண்ணும் முறையிலும் இது பொருந்துவதைக் காணலாம்: 100இல் இரண்டு பூச்சியம், 10இல் ஒன்று, 1இற் பூச்சியமே இல்லை.

மறைச் சுட்டிக்கும் இதே வழி. இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சிறப்பான துணை உண்டு. 16, 8, 4, 2, 1 என்று பாதிபாதியாக இறங்கி வருக. இவை 2இன் 4ஆம், 3ஆம், 2ஆம், 1ஆம், பூச்சிய வலுக்கள். ஒவ்வொரு படியிலும் சுட்டி ஒன்று குறைகிறது. ஒன்றோடு நிறுத்தவேண்டிய அவசியம் என்ன? மேலும் இறங்கினால் அரை, கால், அரைக்கால், மாகாணி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பாட்டனார் தலைமுறைக்கு இவை நாவிற் புரண்ட பெயர்கள். மாகாணி என்பது பதினாறில் ஒன்று, வீசம் என்றும் வழங்கும். சுட்டியும் தொடர்ந்து இறங்கி, மறை 1, மறை 2, மறை 3, மறை 4 என ஆகிறது. காலின் கால் வீசம் என்பதையே இன்றைய மாணவன், 2இன் மறை 2ஆம் வலுவை அதே வலுவாற் பெருக்க மறை 4ஆம் வலு, என்று எழுதுகிறான். அதற்கும் கீழே தமிழர் கணக்கு இறங்கியது. 320இல் ஒன்றுக்கு முந்திரி என்று பெயர். முந்திரியில் 320இல் ஒன்று கீழ்முந்திரி; அஃதாவது 102,400இல் ஒன்று, 320இன் மறை 2ஆம் வலு. 'கீழ்' என்னும் அடைமொழி அங்கே மறைச் சுட்டியின் வேலையைச் செய்கிறது எனலாம்.

இவ்வரிசையைக் கண்ட பிள்ளை, 2இன் மறை 3ஆம் வலு மறை எட்டு என்று எழுதாது. மறைக் குறி எண்ணைக் கடனாக்கவில்லை, படியிறங்கச் சொல்கிறது. இறங்கினாலும் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று கையில் எஞ்சுகிறது. அது சிறிதாகுமேயன்றி ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை.

இவ்விடத்திற் தயங்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று கூறுவோர் வரலாற்றைச் சற்று நோக்குவது நல்லது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு, அண்டம் முழுவதையும் நிரப்பினாலும் மணற்றுகள் எத்தனைக்கு மேற்படா என்று கணித்து, இன்றைய குறியீட்டில் 10இன் 63ஆம் வலு எனத்தக்க ஓர் எண்ணைக் கூறினார். அவ்வெண்களைக் கையாளுங்கால், பெருக்கலுக்குப் படிகளைக் கூட்டும் வழியையும் விளக்கினார். முதல் விதி அத்துணைப் பழையது. பூச்சியச் சுட்டியும் மறைச் சுட்டியும் நிக்கலா சூக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் 1484இல் எழுதிய நூலிற் காணப்படுகின்றன; ஆனால் அந்நூல் அச்சேறியது 1880இலேதான். ஜேர்மனியரான மிக்காயேல் ஸ்டீபெல் 1544இல் வெளியிட்ட நூலில், அரை, கால், அரைக்கால் என இறங்கும் அதே வரிசையின் மேல் மறை எண்களை எழுதிக் காட்டினார். ஆங்கிலக் கணிதரான ஜோன் வாலிசு 1656இலும், நியூற்றன் 1676இல் எழுதிய கடிதங்களிலும் இவற்றை விரிவாக ஆண்ட பின்னரே அவை யாவர்க்கும் பொதுவாயின. ஆர்க்கிமிடீசிலிருந்து நியூற்றன் வரை ஏறக்குறைய 1900 ஆண்டுகள். பாடசாலையில் இதற்கு ஒதுக்கப்படுவன சில பாடவேளைகள்.

விதிகள் இவை. இனிப் பயிற்சி. பாடநூல்களில் ஒவ்வொரு விதிக்கும் கீழே அவ்விதிக்குரிய அப்பியாசம் மட்டும் தனியாகத் தரப்படுவது வழக்கம். பெருக்கல் விதியின் கீழே இருபது பெருக்கல். வலுவின் வலுவுக்குக் கீழே இருபது வலுவின் வலு. முதற் கணக்கிற் சுட்டிகளைக் கூட்டிய பிள்ளைக்கு இருபதாவது கணக்குவரை கூட்டுவதே வேலை. கணக்கை வாசிக்கவும் தேவையில்லை. பரீட்சைத்தாளில் எந்த விதி என்று தலைப்பில் எழுதியிருக்காது. எதைச் செய்வது என்று தெரிந்தெடுக்கும் ஆற்றலே அங்கு வேண்டப்படுவது. அந்த ஒன்றையே அப்பியாசம் பயிற்றவில்லை. அமெரிக்காவில் டக் ரோறர் முதலிய உளவியலார் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை அழகாகக் காட்டியது. ஒரேவகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்த மாணவர்கள் பயிற்சியின்போது அதிகம் சரியாகச் செய்தனர். பலவகைக் கணக்குகளைக் கலந்து செய்தவர்கள் அப்போது அதிகம் பிழைவிட்டனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கலந்து செய்தவர்களே முந்தி நின்றனர். அவர்கள் செய்தவை கனவளவு காணும் கணக்குகள். எனினும் சுட்டி விதிகளுக்கு இம்முடிவு பொருந்தாதெனக் கூறக் காரணம் இல்லை.

ஆகவே, நூலில் உள்ள கணக்குகளையே எடுத்து, ஒவ்வோர் அப்பியாசத்திலிருந்தும் இரண்டிரண்டாகப் பொறுக்கி, நாளுக்கு ஏழு எட்டுக் கணக்குகள் கொடுத்தாற் போதும். அவற்றுள் விதி செல்லாத கணக்கு ஒன்றாவது இருத்தல் வேண்டும். 2இன் 3ஆம் வலுவோடு 2இன் 4ஆம் வலுவைக் கூட்டுக என்றால், எட்டும் பதினாறும் 24. அங்கே கூட்டல் விதி எதுவும் கிடையாது. 2இன் 3ஆம் வலுவை 5இன் 2ஆம் வலுவாற் பெருக்கினால் 200. அடிகள் வேறாகையாற் சுட்டிகளைச் சேர்க்க வழியில்லை. விதி எங்கே நின்றுவிடுகிறது என்பதை அறியாத பிள்ளை அதனை எங்கும் இழுத்துச் செல்லும். 3உம் 4உம் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49. தனித்தனி வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. இந்தப் பிழை மேல்வகுப்புவரை பிள்ளைகளைப் பின்தொடர்வதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

அடைப்புக்குறியையும் கவனிக்க வேண்டும். 2க என்பதை அடைப்புக்குள் வைத்து 3ஆம் வலு கேட்டால், சுட்டி இரண்டுக்கும் உரியது. 8 தடவை க-வின் 3ஆம் வலு என்பதே விடை. அடைப்பு இல்லையேல் சுட்டி க-வை மட்டும் சாரும். மறை 3ஐ அடைப்புக்குள் வைத்து வர்க்கப்படுத்தினால் 9. அடைப்பின்றி எழுதினால், முதலில் மூன்றின் வர்க்கம், பிறகு மறைக்குறி, ஆகவே மறை 9. இதற்கு நல்ல பயிற்சி வாய்விட்டு வாசித்தல். "இரண்டு க முழுவதன் மூன்றாம் வலு" என்றும், "இரண்டு தடவை, க-வின் மூன்றாம் வலு" என்றும் சொல்லிப் பழகிய நாவுக்கு அடைப்பின் பொருள் மறவாது. கணிதம் வாயாற் படிக்கும் பாடமன்று என்றொரு எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது.

வீட்டில் தாய் தந்தையர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை செய்து முடித்த கணக்குகளில் ஒன்றைக் காட்டி, "இது ஏன் இப்படி வந்தது? எழுதிக் காட்டு" என்று கேட்கலாம். க-வின் 5ஆம் வலுவுக்கு ஐந்து க-க்களை வரிசையாக எழுதிக் காட்டும் பிள்ளைக்கு விதி மறந்தாலும் கவலையில்லை. அரை நிமிடத்தில் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்ளும். "மிஸ் அப்படித்தான் சொன்னார்" என்னும் பதில் வருமாயின், அக்கணக்குச் சரியாக இருந்தாலும் பயிற்சி முடியவில்லை என்று கொள்ளவேண்டும். பிழையான விடை ஒன்றை வேண்டுமென்றே எழுதி, "இதில் எங்கே பிழை?" என்று பிள்ளையிடம் கொடுப்பதும் பயன்தரும். பிறர் பிழையைக் கண்டுபிடிப்பதிற் பிள்ளைகளுக்கு உள்ள ஊக்கத்தைச் சொல்லவேண்டுமா?

அரைச் சுட்டி, காற் சுட்டி முதலிய பின்னச் சுட்டிகள் சற்று மேல்வகுப்பில் வருவன. அங்கும் புதிய விதி ஏதுமில்லை. 9இன் அரை வலு எது? அதனை அதனாலேயே பெருக்கினால் அரையும் அரையும் கூடி 9இன் முதலாம் வலு வரவேண்டும். அத்தகைய எண் 3. ஆகவே அரை வலு என்பது வர்க்கமூலம். இதனை வெறும் ஏட்டுக்கணக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டுவட்டிக்கு விட்ட ஓர் இலட்சம் ரூபா, ஒன்பதாண்டில் 1.08இன் 9ஆம் வலு மடங்காகிறது; ஏறக்குறைய 199,900 ரூபா. அரை ஆண்டுக்கு அதே வீதத்தில் எவ்வளவு? நான்கு என்று வாய் முந்திக்கொள்ளும். அரை ஆண்டுக்கு நான்கு வீதம் என்று இருமுறை சேர்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 8 ரூபா 16 சதம் ஆகிவிடும். சரியான வீதம் 1.08இன் அரை வலுவிலிருந்து வருவது. நூற்றுக்கு ஏறத்தாழ 3 ரூபா 92 சதம். கடன் பத்திரத்திற் கையொப்பமிடுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

பத்தின் வலுக்களைப் பயில விஞ்ஞானப் பாடத்திலிருந்தே கணக்குகளை எடுக்கலாம். சூரியன் பூமியிலிருந்து ஏறக்குறைய 1.5 தடவை 10இன் 11ஆம் வலு மீற்றர் தொலைவில் உள்ளது. ஒளி ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 தடவை 10இன் 8ஆம் வலு மீற்றர் செல்லும். 1.5ஐ 3ஆல் வகுக்க அரை. 11இல் 8 போக 3. ஆயிரத்தில் அரைப்பங்கு 500 செக்கன். காலை வெயில் முற்றத்தில் விழும்போது அது சூரியனை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடமும் இருபது செக்கனும் ஆகியிருக்கும். பெரிய எண்களை நீளமாக எழுதி வகுத்த ஒரு பிள்ளையும் இவ்வாறு செய்த ஒரு பிள்ளையும் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்து விடைகளை ஒப்பிட்டால், சுட்டி எதற்காக உண்டாயிற்று என்று எவரும் விளக்கவேண்டியதில்லை.

பதினோராந் தரத்திற்குள் கையில் வரும் மடக்கை அட்டவணையும் சுட்டிகளின் அட்டவணையே. ஸ்கொத்துலாந்தைச் சேர்ந்த ஜோன் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டார். பத்தை அடியாகக் கொண்ட மடக்கைகளை ஹென்றி பிரிக்சு 1617இலும் 1624இலும் கணித்து அச்சிட்டார். 2 என்பது 10இன் 0.3010ஆம் வலு, 3 என்பது 10இன் 0.4771ஆம் வலு. 2ஐயும் 3ஐயும் பெருக்கச் சுட்டிகளைக் கூட்டினால் 0.7781. அட்டவணையில் 6இன் எதிரே நோக்கினால் 0.7782 என்றிருக்கும். கடைசி இலக்கத்தில் ஒன்று கூடியிருப்பது ஏன் என்று கேட்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிருவர் இருப்பர். நான்கு தானங்களோடு நிறுத்துவதற்காக எண்கள் சுருக்கப்பட்டுள்ளன. ஐந்து தானங்களுக்கு நோக்கினால் 0.30103உம் 0.47712உம் சேர்ந்து 0.77815. அதனை நான்கு தானத்துக்குச் சுருக்கும்போது 0.7782 ஆகிறது. அப்பிள்ளையிடம் 4, 8, 9, 12 ஆகியவற்றின் மடக்கைகளை அட்டவணையைத் திறவாமல், அந்த இரண்டு எண்களிலிருந்து மட்டும் கண்டுவரும்படி சொல்லலாம். 5இன் மடக்கையையும் கேட்கலாம். 10ஐ 2ஆல் வகுத்தால் 5 என்பது அதற்கு நினைவு வருகிறதா என்று பார்ப்பதற்காக.